மலை: தெளிவு

மரியாதைக்குரிய முசல்லம் மாமா அவர்களுக்கு,

தங்கை மகன் மஹாத் ஸலாம் சொல்லி எழுதுவது. தாங்களும் மாமியும் முப்பத்தொரு ஒட்டகங்களும் சுகமாக இருக்க இறைவன் அருள்வானாக. நானும் சுகம்தான், சட்டைகள் மட்டும் இருபது நாளாகக் காயவில்லை. அம்மா தன் பிரியத்தைத் தெரிவிக்கச் சொன்னாள். நான் செய்த காரியத்தை மட்டும் தெரிவிக்க வேண்டாம் என்றாள். அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

ஒட்டகங்களை மலைக்கு ஏற்றாதீர்கள் மாமா. நேற்றுக் காலை ஏழு மணிக்கு வானொலியில் "கடலோரம்: சாரல். மலை: தெளிவு. பாலைவனம்: வெயில்" என்று வாசித்தது நான்தான். முதலும் கடைசியும் உண்மை. நடுவில் இருந்தது பொய். கரீஃப் மழைப்பருவத்து மூட்டம் மலையை விட்டு ஓர் அடி நகரவில்லை. புல்வெளியெல்லாம் களிமண் சேறு. அதில் கால் வைத்த ஒட்டகம் கால் அகன்று இரண்டாகப் பிளந்து விழும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் ஃபர்ஹா வேறு சினையாக இருக்கிறாள்.

நடந்தது இதுதான். "மலை: அடர்ந்த மூட்டம், வழுக்கல், யாரும் ஏற வேண்டாம்" என்றுதான் எழுதிக் கொடுத்தேன். தலைநகரிலிருந்து வந்திருக்கும் எங்கள் மேலாளர் அதைப் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவைத் தேடினார்.

"என்னப்பா இது, சாவு அறிவிப்பு மாதிரி இருக்கு? நாளன்னிக்கு கரீஃப் திருவிழாவோட நிறைவு விழா. இதைக் கேட்டா வெளியூர்க்காரங்க பாதிப் பேர் பெட்டியைக் கட்டிடுவாங்க."

"சார், இங்க மலை தெளிவுன்னு சொன்னா கரீஃப் முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஒட்டகக்காரங்க அதைக் கேட்டுத்தான் மேல ஏறுவாங்க."

"ஒட்டகம் ரேடியோ கேக்குமா?"

"ஒட்டகம் கேக்காது சார். எங்க மாமா கேப்பாரு."

"உங்க மாமா ஓட்டல்ல ரூம் போட்டிருக்காரா?"

"இல்ல சார்."

"அப்போ தெளிவுன்னு வாசி."

வாசித்தேன். தோஃபாரில் பிறந்தவன், மூட்டத்துக்குள் வளர்ந்தவன், குரல் நடுங்காமல் வாசித்தேன். நான் "தெளிவு" என்று சொன்ன அதே நொடியில் மூட்டம் எங்கள் சன்னல்வரை இறங்கி வந்து எட்டிப் பார்த்தது. வெளியே நின்ற தென்னை மெல்லக் கரைந்தது. முதலில் அடிமரம் போயிற்று, பிறகு ஓலைகள் போயின, கடைசியில் ஒரே ஒரு காய் மட்டும் எதிலும் தொங்காமல் வெள்ளையில் மிதந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்தபடி பாலைவனத்துக்கு வெயில் வாசித்தேன்.

எட்டரை மணிக்கு, மலையில் மாடு வைத்திருக்கும் துஃபூல் அக்கா வண்டி பிடித்து இறங்கி வந்துவிட்டாள். நேராக என் மேசைக்கு வந்தாள், மேலே போர்த்தியிருந்த கம்பளியை எடுத்தாள், என் தேநீர்க் குவளைக்கு மேலே பிடித்துப் பிழிந்தாள். குவளை நிறைந்தது.

"தெளிவுன்னியே. இந்தா, குடி."

"அக்கா, அது நான் எழுதினது இல்ல..."

"வாய் உன்னோடதுதானே? இல்ல அதையும் வாடகைக்கு விட்டுட்டியா?"

"மேலாளர் சொன்னாரு..."

"எங்க வீட்டுக்குள்ள மேகம் வந்து பாய் போட்டுப் படுத்திருக்கு. குடிக்கத் தண்ணி லாரி வந்து பன்னெண்டு நாளாச்சு. விழாப் பந்தல்ல மட்டும் நீரூற்று நிக்காம பீச்சுது. அதை வாசிக்கச் சொல்லு உங்க மேலாளரை!"

மேகத்துக்குள் குடியிருப்பவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. இதை எந்த அறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை மாமா. தலை குனிந்தபடி அவள் வந்த வண்டியிலேயே ஏறி மலைக்குப் போனேன். ஒட்டகங்கள் வரும் பாதை தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் இறங்கி, வருகிறவர்களைத் திருப்பி அனுப்பலாம் என்று இரண்டு கையையும் விரித்து நின்றேன். என் விரல்களே எனக்குத் தெரியவில்லை. ஒரு மாட்டின் முதுகு மட்டும் படகுபோல் என்னைக் கடந்து போனது. எங்கோ குழந்தைகள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு என் காதுக்கு வருவதற்குள் நனைந்து கனத்துவிட்டது. நான் நிற்கிறேனா, என்னை யாராவது கனவில் காண்கிறார்களா என்றே சந்தேகமாக இருந்தது. அப்போது ஒரு பெரிய கார் என் முழங்காலை உரசி நின்றது. கண்ணாடி இறங்கியது.

"சோளம் சூடா இருக்கா?" என்று ஓர் அம்மாள் கேட்டாள்.

"நான் சோளம் விக்கலங்க. ஒட்டகம் வராம பாத்துக்கறேன்."

"எந்த ஒட்டகம்?"

"இன்னும் வரலீங்க."

"ஐயோ பாவம்," என்று சொல்லி என் கையில் ஓர் ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பழத்தோடு நின்றிருந்தபோதுதான் கீழே சரிவில் முனகல் கேட்டது. போய்ப் பார்த்தால் ஓர் ஒட்டகம் சேற்றில் கால் பரப்பிக் கிடந்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வயதில் என்னை ஒத்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். நான் யாரென்று சொல்லவில்லை. "ஏன் இவ்வளவு சீக்கிரம் ஏத்தினே?" என்று மட்டும் கேட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தக் குரல்தாண்டா," என்றான். "இதே குரல்."

அதற்கு மேல் அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் போட்ட கூச்சலைக் கேட்டுத் துஃபூல் அக்கா கூட்டி வந்த ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்து தூக்கி, ஒரு மணி நேரத்தில் அதை எழுப்பிவிட்டோம். நான்கு காலும் முழுசாக இருந்தன. எல்லா ஒட்டகத்துக்கும் எட்டுப் பேர் கிடைக்க மாட்டார்கள் மாமா.

இன்று காலை உண்மையை வாசிப்பேன் என்று மேலாளரிடம் நேராகவே சொன்னேன். ஏழு மணிக்கு அறிக்கைக்குப் பதிலாகப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். வேலை போனால் போகட்டும். தங்கள் பக்கம் தொலைபேசிக் கம்பியும் கிடையாது. ஆகையால் தண்ணீர் லாரி ஓட்டும் பகீத் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் நேற்றும் தங்கள் பக்கம் வந்திருந்தானாம், இன்றும் வருகிறான். என் குரலை நம்பிய தாங்கள், என் எழுத்தையும் ஒரு முறை நம்ப வேண்டும். நானே வந்து சொல்லும்வரை, கரீஃபுக்காக மலையிலிருந்து இறங்கிய இடத்திலேயே இருங்கள்.

மாமியின் முட்டி வலி குறையட்டும். தங்கள் கூடாரத்துக்கு நல்ல காற்றும், கிணற்றுக்கு நல்ல ஊற்றும், ஃபர்ஹாவுக்குப் பெண் கன்றும் வாய்க்கட்டும்.

தங்கள் பிரியமுள்ள,
மஹாத்

பின்குறிப்பு: பகீத் வந்துவிட்டான். விஷயத்தைச் சொன்னதும் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "நேத்து ஏழு மணிக்கு நான் அங்கதான் இருந்தேன். உங்க மாமா சாமானெல்லாம் ஏத்தி, கெளம்பத் தயாரா நின்னாரு. நீ தெளிவுன்னு சொன்னே பாரு, 'எல்லாத்தையும் எறக்குங்கடா'ன்னுட்டாரு. 'நம்ம மஹாத் தெளிவுன்னா அங்க கழுத்தளவு சேறு'ன்னாரு. மூணு வருஷமா நீ சொல்றதுக்கு நேர் எதிராத்தான் நடக்கறாராம். ஒரு தடவைகூடத் தப்பலையாம்," என்கிறான்.

ஆகவே மாமா, மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். மலையில் மூட்டமும் இல்லை, சேறும் இல்லை, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. முப்பத்தொன்றையும் ஓட்டிக்கொண்டு இன்றே ஏறி வாருங்கள்.