ஓலை இஞ்சினியரின் கூரை

யாழ்ப்பாணத்தில் மழை தொடங்கினால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். வெளியே ஓடும் ஒரே பிறவி என் அத்தான்தான். ஊர் அவருக்கு வைத்த பெயர் ஓலை இஞ்சினியர். இஞ்சினியர் படிப்பெல்லாம் கிடையாது. அரசாங்கக் கந்தோரில் வீட்டு வரைபடம் கீறி ஓய்வு பெற்றவர். என் அக்காவைக் கட்டியது ஒன்றுதான் அவர் மற்றவர்களைப் போலச் செய்த காரியம்.

மழை பெய்தால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏதாவது வடலிப் பனையின் கீழ் அண்ணாந்தபடி நிற்பார். இணுவிலில் என் வீட்டு வேலிக்கரையில் அப்படி நின்றபோது பக்கத்து வீட்டு மனுசி பதறிப்போனார்.

“உந்த ஐயாவுக்கு ஏதும் வருத்தமோ?”

“ஓம், வருத்தம்தான். மருந்துதான் இல்லை” என்றேன்.

அக்காவின் வளவு கீரிமலைக் கடலோரம். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் எவ்வளவு சீனி கொட்டினாலும் உப்புத்தான் முன்னுக்கு நிற்கும். குடிக்கிற தண்ணீரை அக்கா எங்கிருந்தோ பிளாஸ்ரிக் கானில் தூக்கிவர வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அத்தானுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

“பனையோலையைப் பார் மச்சான். எல்லா மடிப்பும் ஒரு இடத்திலை வந்து கூடுது. கூரையை உப்பிடிக் கட்டினா விழுற மழையெல்லாம் தொட்டிக்கை!”

சொன்ன கையோடு கீரிமலை வீட்டுக் கூரையைப் பிரித்தார். புதுக்கூரை சரிவரும்வரை இருவருக்கும் குடியிருப்பு என் வீட்டில். எனக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

சாப்பாட்டு வாழையிலையில் ரசத்தை ஊற்றி அது ஓடும் வழியைப் பார்ப்பார். ரசம் என் மடியில் வந்து முடியும். என்னிடமிருந்த ஒரே நல்ல குடையைத் தலைகீழாக விரித்து மாமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். கேட்டால் ஆராய்ச்சியாம். கூரை சரிவந்தால்தானே மனுசன் போவார்? கீரிமலைச் சிவனுக்கு நேர்த்தி வைத்தேன்.

புதுவீட்டுக் குடிபூரல் நாள் வந்தது. விசிறி மடிப்புக் கொங்கிறீற் கூரையைப் பார்க்கவே சனம் கூடிவிட்டது. வாசலில் அடுப்பு மூட்டிப் பால்பானை வைத்தார்கள். மடிப்பெல்லாம் கூடும் இடம் அந்தப் பானைக்கு நேர்மேலே இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. மாரிகாலத்துக்கு இன்னும் நாள் கிடந்தது. ஆனாலும் ஐயர் மந்திரத்தைத் தொடங்க, மழையும் தொடங்கியது. முழுக் கூரைத் தண்ணீரும் ஒரே தாரையாகப் பானைக்குள் இறங்கியது. அடுப்பு அணைந்தது, பானை மட்டும் நாலு பக்கமும் வழிந்தது. வழிந்ததைக் கண்ட பெரியம்மா பழக்கதோஷத்தில் “பொங்கிட்டுது!” என்று கத்த, விறாந்தையில் நின்ற ஒருவர் வெடியைக் கொளுத்திவிட்டார்.

அத்தான் மழைக்குள் நின்று துள்ளினார். “ஒரு சொட்டுக்கூட வெளியிலை போகேல்லை, பாத்தியளோ!”

அக்கா தெப்பமாக நனைந்திருந்தார். “இனி உந்த வீட்டுக்கை நான் கால் வைக்கமாட்டன். சாகும்வரைக்கும் தம்பி வீட்டிலைதான்!”

ஐயோ! நான் வைத்த நேர்த்தி!

அக்கா அதோடு விடவில்லை. வேலியோரம் கிடந்த பனைமட்டையைத் தூக்கி ஓங்கினார். அத்தான் ஓடவேண்டுமே? கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்.

“இஞ்சேரப்பா, உதைக் கொஞ்சம் திருப்பிப் பிடி.”

திருப்பியதும் மட்டையின் குழிவு வழியே மழைத்தண்ணீர் ஓடிவந்து அக்காவின் முழங்கையால் வடிந்தது.

“அட! ஓலையைக் கட்டினன், மட்டையைக் கட்ட மறந்திட்டன்!”

மேசன்மார் திரும்பவும் வந்து, மடிப்புகள் கூடும் இடத்திலிருந்து தொட்டிவரை மட்டை போலவே தண்ணீர் ஓட நீளமாய் ஒரு பீலி கட்டினார்கள். மாரியின் முதல் மழையில் தொட்டி நிரம்பியது. அக்கா அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டு ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாயும் குடித்தார்.

“உப்பில்லையப்பா” என்றார்.

அத்தான் அந்தப் பக்கம் திரும்பித் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றே மூட்டை முடிச்சோடு அவர்களைக் கீரிமலைக்கு ஏற்றிவிட்டு, நேர்த்திக்குத் தேங்காயும் உடைத்தேன். வீடு அமைதியானது. இலையில் ஊற்றிய ரசம் ஊற்றிய இடத்திலேயே கிடந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அடுத்த மழைக்கு நான் உள்ளே ஓடவில்லை. மாமரத்துக் குடையை இன்னும் அவிழ்க்கவுமில்லை. அது நிரம்புவதைப் பார்த்தபடி போன் எடுத்தேன்.

“அத்தான், கூரை எங்கையும் ஒழுகேல்லையோ?”

“ஒரு சொட்டு இல்லை மச்சான்!”

“வடிவாப் பாருங்கோ அத்தான்... கொஞ்சமெண்டாலும் ஒழுகினா, ரெண்டுபேரும் இஞ்சை வந்திடுங்கோ.”