மாவுக்கட்டுக்குள் போன காப்பு

மாவுக்கட்டு அனுபவம் என்றால் எல்லோரும் கட்டு போட்டுக்கொண்ட கதையைத்தான் சொல்வார்கள். நான் போட்டுவிட்ட கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போட்டவளும் அதில் மாட்டிக்கொண்டதால், எனக்கு இரண்டு அனுபவங்களும் ஒரே நாளில் கிடைத்துவிட்டன.

அப்போது நான் பினாங்கில் ஒரு மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் பயிற்சி மருத்துவர். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள், அந்தக் கட்டடமே என் பேரில்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். உள்ளுக்குள் நிலைமை வேறு. தைப்பூசம் முடிந்த மறுவாரம் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. புத்தகத்தில் எத்தனையோ இதயங்களைப் பார்த்தவள்தான். அப்பாவுடையது என்றதும் பயந்துபோனேன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, வலது மணிக்கட்டில் காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு. பால்குடம் செலுத்தும் வரை அதை அவிழ்க்கவோ அறுக்கவோ கூடாது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அம்மா முதலில் என் கையைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை.

காப்பைக் கையுறைக்குள் தள்ளி, மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளும்படி மூத்த நர்ஸ் சாந்தி அக்கா சொன்னார். (சொன்னால் கேட்கிற ஆளா நான்?)

அன்று வந்தவர் ஹமீதா அக்கா. துறைமுகப் பக்கம் கணவரோடு நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்துபவர். பசாருக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்ததில் இடது முன்கை எலும்பில் விரிசல். கையை முழுக்க மூட வேண்டியதில்லை. ஒரு பக்கம் தாங்கலாக மாவுப் பட்டை வைத்துத் துணி சுற்றினால் போதும். சாந்தி அக்கா பச்சைத் தண்ணீர் வைத்திருந்தார். சீக்கிரம் இறுகட்டும் என்று நான் அதில் வெந்நீரைக் கலந்தேன். பஞ்சு சுற்றி, பட்டையை நனைத்து வைத்து, துணியும் சுற்றினேன். விரல் பக்க ஓரம் தோலைக் குத்தக் கூடாதே என்று, கடைசியாக அந்த ஓரத்தை அழகாக வெளியே மடித்து அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கட்டு இறுகியது. புன்னகையோடு கையை எடுத்தேன். கை வரவில்லை. கையுறையிலிருந்து நழுவிய காப்பு, மஞ்சள் துண்டோடு அந்த மடிப்புக்குள் போயிருந்தது.

காரை நிறுத்திவிட்டு வந்த அவர் கணவர், நாங்கள் கைகோத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

“கட்டு முடிஞ்சிருச்சு. டாக்டர்தான் என்னைய விட மாட்டேங்கிறாங்க,” என்றார் ஹமீதா அக்கா.

மடிப்பை மட்டும் வெட்டிப் பார்க்கலாம் என்றால், கத்தரியின் வாய் நேராகக் கயிற்றின் மேல் போய் நின்றது. சாந்தி அக்கா பெருமூச்சு விட்டு, கயிற்றையே அறுத்துவிடலாமா என்று கண்ணால் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. கட்டடத்தின் சொந்தக்காரி, நோயாளியின் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“யாருக்கு நேர்ச்சை?” என்று ஹமீதா அக்கா கேட்டார்.

“அப்பாவுக்கு. நெஞ்சுல ஆபரேஷன்.”

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு சாந்தி அக்காவிடம், “கயித்தத் தொடாதீங்க. என் கட்டப் பிரிங்க,” என்றார்.

பிரித்தால் கையை மறுபடியும் அசைக்க வேண்டிவரும், ரொம்ப வலிக்கும் என்று நான் தடுத்தேன்.

“வலிக்கும்தான். அதுக்காக ஒங்கப்பாவுக்குக் கட்டுன கயித்த அறுக்கச் சொல்லவா?”

கட்டைப் பிரித்தபோது ஹமீதா அக்கா கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார், சத்தம் போடவில்லை. எனக்கு நிமிர்ந்து பார்க்கும் தைரியம் இல்லை. மடிப்பை உடைத்ததும், சுண்ணாம்பு பூசியது போல மஞ்சள் துண்டு வெளியே வந்தது. இரண்டாவது கட்டைத் தானே போடுவதாகச் சாந்தி அக்கா உட்கார்ந்தார். ஹமீதா அக்கா விடவில்லை.

“அவங்களே போடட்டும். மொதல்ல அந்தக் காப்பு மேல பிளாஸ்திரி ஒட்டி விடுங்க லா.”

பச்சைத் தண்ணீரில், பொறுமையாக, நானே போட்டேன்.

பால்குடம் நல்லபடியாகச் செலுத்தினேன். அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. கட்டைக் கழற்ற வந்த அன்று ஹமீதா அக்கா தன் கையைக் காட்டுவதற்கு முன்னால் அப்பாவைத்தான் விசாரித்தார்.

அப்பா வீடு திரும்பிய பிறகுதான் இதைச் சொன்னேன். நெஞ்சுத் தையல் வலிக்காமல் இருக்கத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். இன்றைக்கும் நான் வேலை முடிந்து கேட்டைத் திறந்தால் போதும், உள்ளேயிருந்து அவர் குரல் வரும்: “தனியாத்தான் வந்தியா, இல்ல யாராச்சும் ஒட்டிக்கிட்டு வந்திருக்காங்களா?”

இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் நான் வீட்டுக்குள் போக முடியும்.