நண்டு விருந்தில் ஒரு விரதம்

மாசிலாமணிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய மறுநாளே மகளுக்குச் சம்பந்தம் பேச ஆள் வருவதாக இருந்தது.

"இன்னொரு நாளு வரச் சொல்லுய்யா" என்றாள் அவர் மனைவி அனிதா.

"எளாவூர்லந்து கெளம்பிட்டாங்க" என்றார் மாசிலாமணி, பஞ்சு கடித்த வாயால்.

பழவேற்காட்டு மீன் ஏலத்தில் அவர் குரல் கொடுத்தால் அக்கரைக்குக் கேட்கும். அதே குரலில்தான் போன வாரம் போனில் பீற்றிக்கொண்டிருந்தார்: "எங்க ஏரி நண்டத் துன்னாம பொண்ணப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது சம்பந்தி! நீங்களும் நானும் பக்கத்துல உக்காந்து ஓடு உடைக்கிறோம்!"

இப்போது அந்த வாய்க்கு டாக்டர் விதித்திருந்தது ஆறின கூழ், குழைந்த தயிர்சாதம். காரம் கூடாது, சூடு கூடாது, கடிக்கிற எதுவும் கூடாது.

"பல்லு புடுங்கினேன்னு சொன்னா தலையா பூடும்?"

"பொக்கவாய்க் கெழவன் வூட்ல பொண்ணு எடுத்தாங்கன்னு எளாவூரே சிரிக்கும்."

"போனது ஒரு பல்லு. மிச்சமெல்லாம் அப்டியேதான கீது, அந்த வாயும் சேத்து."

மகள் சந்தியா கையெடுத்துக் கும்பிட்டாள். "நைனா, எனக்கு ஹேமந்தப் புடிச்சிருக்கு. நீ வாயத் தொறக்காம இரு, அது போதும்."

அது ஒன்றுதான் மாசிலாமணிக்கு வராத வித்தை.

மதியம் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை ஹேமந்த், அவன் அப்பா ஜெகதீஸ்வரன், அம்மா சரோஜா இறங்கினார்கள். ஜெகதீஸ்வரன் அதிகம் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் மெல்லத் தலையசைத்தார். 'பெரிய மனுஷன்னா இப்படி அடக்கமா இருக்கணும். நானும்தான் இருக்கேன், ஓட்டை டமாரம்' என்று தன்னையே நொந்துகொண்டார் மாசிலாமணி.

இலை போட்டு நண்டுக் குழம்பு வந்தது. தெருவே மணத்தது.

"நீங்களும் உக்காருங்கண்ணே" என்றாள் சரோஜா.

மாசிலாமணிக்கு வியர்த்தது. "நான்... விரதம்."

"ஞாயித்துக்கெழமைல இன்னா விரதம்ணே?"

"பொண்ணு கல்யாணத்துக்கு வேண்டுதல். வெறும் கூழுதான்."

அப்பாடா என்று அவர் மூச்சு விடுவதற்குள், இலைக்கு நீண்ட ஜெகதீஸ்வரனின் கை அப்படியே நின்றது.

"விரதக்காரர் எதிர்ல நண்டு ஓடு உடைக்கிறதா? பாவம். எனக்கும் அந்தக் கூழையே ஊத்துங்கம்மா."

அவர் கை நின்றதும் சரோஜா கையில் எடுத்த நண்டை இலையிலேயே வைத்தாள். ஹேமந்த் தன் நண்டுக்காலை, ரயிலேறும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

அடுக்களை வாசலில் அனிதா நின்றாள். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்தவள். அவள் பார்வையில் மாசிலாமணி ஏலம் போய்க்கொண்டிருந்தார், கேட்கத்தான் ஆளில்லை.

"சம்பந்தி, உங்களுக்காவ விரதத்த இப்பவே முடிச்சுக்கிறேன். பாருங்க!" என்று ஒரு பெரிய கொடுக்கை எடுத்து, நல்ல பக்கமாகத்தான் கடித்தார்.

ஓடு உடைந்தது. மிளகாய்ச் சாறு நாக்கைச் சுற்றிக்கொண்டு நேராகப் பல் போன குழிக்குள் இறங்கியது. கத்தினால் குட்டு உடைந்துவிடும். கத்தாமல் நின்றார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

ஜெகதீஸ்வரன் எழுந்தே விட்டார்.

"பாத்தியா சரோஜா! நமக்காவ வேண்டுதல ஒடச்சுட்டு எப்டி அழுவறாரு! இனிமே அவரு விரதம் என்னுது. ஒரு வாரத்துக்கு எனக்குக் கூழுதான். பொண்ணு நம்ம வூட்டுக்குத்தான், அதுல மாத்தமே இல்ல."

சந்தியா முகம் பூவானது. மாசிலாமணிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் அந்த நல்ல மனிதர் ஆறின கூழை அமிர்தம்போல உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு பொய்க்கு இந்தத் தண்டனையா என்று மனசு குத்த, கொல்லைப்பக்கம் போனார்.

அங்கே வேன் டிரைவர் அர்ஜுனன் மட்டும் தன் இலையைச் சுற்றி நண்டு ஓட்டால் மதில் கட்டியிருந்தான். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது மாசிலாமணிக்கு.

"தப்புப் பண்ணிட்டம்பா. விரதமும் இல்ல, ஒண்ணுமில்ல. பல்லு புடுங்குனத மறைக்கப் போயி, அவ்ளோ நல்ல மனுஷனக் கூழு குடிக்க வெச்சுட்டேன்."

அர்ஜுனன் கொடுக்கை உறிஞ்சி முடித்து, வீட்டுப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நீ வேற சார்! எங்க மொதலாளிக்கு நேத்து ரெண்டு பல்லப் புடுங்கினாங்க. நண்டுக்கு இன்னா சாக்கு சொல்றதுன்னு வழியெல்லாம் பொலம்பிகினே வந்தாரு."