ஒரே வரிக்காரர்

உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் வீட்டிலாவது இருப்பார். எந்த வேலையைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் "இதென்ன பிரமாதம், ஒரே வரிதானே" என்று கையை உதறும் இனம். அலமாரிக் கதவு தொங்கினாலும், மைத்துனன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாலும், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை மூண்டாலும் அவருக்கு எல்லாம் ஒரே வரி. செய்ததைச் சரிபார்க்கச் சொன்னால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

நம்மவர் இணையதளம் கட்டுகிறவர்; அவருடைய வரி, கணினிக்கு எழுதும் கட்டளை வரி. மகளின் பள்ளியில் நீச்சல் போட்டி. ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணினியில் போட்டால் வென்றவர் பெயர் பெரிய திரையில் வர வேண்டும் என்றார் விளையாட்டு ஆசிரியர்.

"குறைஞ்ச நேரம்தானே சார் ஜெயிக்கும்? ஜாவாஸ்கிரிப்ட்லயே 'மேத் டாட் மின்'னு ஒண்ணு ரெடியா இருக்கு. எண்களைக் குடுத்தா சின்னதை எடுத்துக் குடுத்துடும். ஒரே வரி."

"எதுக்கும் ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமா?"

"'மின்'னைப் போயா சார் சோதிக்கிறது?"

போட்டியன்று மகள்தான் முதலில் சுவரைத் தொட்டாள். ஈரத் தலையோடு திரையைப் பார்த்து நின்றாள். வந்த பெயரோ, காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த ஒரு பையனுடையது. அவன் வராததால் அவனுடைய நேரத்துக்கான கட்டம் காலி. காலியை அந்த 'மின்' பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. பூஜ்யத்தைவிட வேகமாக யாரால் நீந்த முடியும்? அவசரத்தில் இருந்த தலைமை விருந்தினர் திரையைப் பார்த்துப் பெயரை வாசித்தார். பையனின் தங்கையைப் போட்டிக்கு அழைத்துவந்திருந்த அவனுடைய மாமா மேடையேறிப் பதக்கத்தைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, "எங்க பையன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்" என்று பேசவும் தொடங்கிவிட்டார்.

"அப்பா, தண்ணில இறங்காமலே ஜெயிக்கலாமா?" என்றாள் மகள். அவளுக்கு அழுகை முட்டியது.

"காலிக் கட்டத்தை விட்டுடுன்னு சொல்லிட்டாப் போதும்மா. ஒரே வரி." மடிக்கணினியில் தட்டினார். மகள் பெயர் திரைக்கு வந்தது.

"கம்ப்யூட்டர்ல சரி பண்ணிட்டீங்க. அவர் கழுத்துலேருந்து யாரு கழட்டுறது?" என்றாள் மனைவி.

அதற்கு ஜாவாஸ்கிரிப்டில் ரெடியாக எதுவும் இல்லை. அவரே மேடையேறி, மைக்கைப் பிடித்துத் தன் தவறை ஊரறியச் சொல்லி, விட மனமில்லாத மாமாவிடம் மன்றாடிப் பதக்கத்தை வாங்கி, மகள் கழுத்தில் போட்டார். அவள் சிரித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

நீங்களும் சிரிக்கலாம். ஆனால், 'காலிக் கட்டத்தை முதலிலேயே ஒரே வரியில் தள்ளியிருந்தால் தீர்ந்தது, இதற்கா இத்தனை கூத்து?' என்று படிக்கும்போதே உங்களுக்குத் தோன்றியிருந்தால், நான் உங்கள் வீட்டாரிடம் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கு முன்பே தெரியும்.