ராசிபுரத்துல ஏழரை மணி

கிட்ட வந்து உக்காருங்க சாமி. சத்தமாச் சொன்னா மயிலம்மாளுக்குக் கேட்டுரும். மயிலம்மாள் எம் பொண்டாட்டி.

காரு என்னுது. காசு என்னுது. திருட்டுக்குப் பயந்து அதுல ஜி.பி.எஸ். மாட்டுனதும் நான். அது காட்டிக்குடுத்தது யாரைங்கறீங்க? என்னைய. இந்த அநியாயத்த எங்க போயிச் சொல்றது?

போன சனிக்கிழமை தை அமாவாசை. எங்கூட்டுல அன்னைக்குக் கறி ஆகாது. மயிலம்மாள் விடியறதுக்கு முந்தியே பக்கத்தூட்டு செல்லியம்மாளோட மோகனூருக்கு ஆத்துல முழுகப் போயிட்டா. பொழுதெறங்கித்தான் வந்தா. நான் மதியம் ராசிபுரம் போயி மட்டன் பிரியாணி தின்னேன். ஒண்ணே ஒண்ணு. சரி, ரெண்டு.

மறுநாள் ஞாயித்துக்கெழமை. அடுப்புல வெள்ளாட்டுக் கறி கொதிக்குது. தெரு முட்டும் வாசம். அந்த நேரம் பாத்து எம் மச்சான் சென்னிமலை அவன் அக்காளுக்குப் போன் பண்றான்.

போன வச்சதும் மயிலம்மாள் கேட்டா: "ஏனுங்க, நேத்து நம்ம காரு ராசிபுரத்துல பிரியாணிக் கடை முன்னால நின்னுச்சாமா?"

"பக்கத்துக் கடைல நெய் வாங்கப் போனேன் மயிலு. காலைல."

"காலைலயா? அந்த ஜி.பி.எஸ்ஸக் காட்டுங்க பாக்கலாம்."

செல்போனத் தொறந்தேன். தேதி, அப்புறம் 07:30, ராசிபுரம்னு இருக்குது. நான் போனது ஒரு மணிக்கு. மிசினு தானாவே எனக்காகப் பொய் சொல்லுது. குலசாமி கைவுடல.

"பாரு. ஏழரை. அந்நேரத்துக்கு எவன் பிரியாணி போடுவான்? சந்தேகப்பட்டதுக்கு நல்லி எலும்பு அத்தனையும் எனக்கு."

கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாத்தா.

"ஏழரைக்குப் பொறத்தால பிளஸ் போட்டு நாலு சைபர் இருக்குதே, அது என்னங்க?"

"அது சும்மா, வாலு."

"நம்மூரு நேரம்னா அந்த வாலுல பிளஸ் அஞ்சு முப்பதுன்னு இருக்கோணும். சைபர்னா நம்ம பொண்ணு தனப்பிரியா இருக்கற லண்டன் நேரமுங்க. இந்தக் குளிரு மாசத்துல அவ சொல்ற மணியோட அஞ்சரை கூட்டித்தான தெனமும் பேசறேன். ஏழரையும் அஞ்சரையும் எத்தனைங்க?"

நான் வெரல் விட்டு எண்ணறதுக்குள்ள அவளே சொல்லிட்டா.

"மதியம் ஒரு மணிங்க. நெய் எங்க?"

"உருகிருச்சு."

நீங்களே சொல்லுங்க, நாமக்கல் ரோட்டுல ஓடற காருக்கு எதுக்குங்க லண்டன் நேரம்?

அடுப்ப அணைச்சா. "நேத்து நீங்க லண்டன் நேரத்துல இருந்துட்டீங்க. உங்க அமாவாசைய இன்னைக்கு வெச்சுக்கோங்க."

கறிச்சட்டியத் துணி போட்டுத் தூக்கிக்கிட்டுச் செல்லியம்மாளூட்டுக்கு நடந்தா. பாதி வழில நின்னா. மனசு எளகிருச்சுன்னு நெனச்சேன். திரும்பி வந்து, கறிக்குத் தொட்டுக்க நான் உரிச்சு வெச்சிருந்த சின்ன வெங்காயத்தையும் அள்ளிக்கிட்டுப் போனா.