பன்னிரண்டரை மணி பஸ்

"இன்னைக்கு எத்தனை பேர்?" என்று கேட்டார் டைம்கீப்பர்.

"நாலு," என்றார் கண்டக்டர். "அதுல ஒருத்தர் தூக்கத்துல மாறி ஏறிட்டார்."

டைம்கீப்பர் நோட்டில் நாலு என்று குறித்துக்கொண்டார். மேட்டுக் குடியிருப்புக்கு இதுவரை மதியத்தில் பஸ்ஸே கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் கர்ப்பிணிகளும், சந்தையில் விற்றுவிட்டுத் திரும்பும் பெண்களும் உச்சிவெயிலில் மூன்று கிலோமீட்டர் ஏறித்தான் வீடு சேர வேண்டும். அதைப் பார்க்கப் பொறுக்காமல், மேலிடத்துக்கு இரண்டு வருடம் எழுதிக் குவித்து, புகை கக்காத புது பேட்டரி பஸ் ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தார். பத்து நாள் சோதனை ஓட்டம். நாளை கடைசி நாள். அதிகாரி வந்து தலை எண்ணுவார். முப்பது தலை தேறாவிட்டால் பஸ்ஸைப் பிடுங்கி வேறு தடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"ஆள்தானே வேணும்? இதுக்குப் போய் சாப்பிடாம உக்காந்திருக்கீங்களே," என்று அன்றிரவு வீட்டில் மனைவி போனை எடுத்தாள். கால் மணி நேரத்தில் இருபத்தெட்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். அத்தனையும் அவள் பிறந்த வீட்டுப் பக்கம்.

மறுநாள் அவர்கள் வந்த கோலத்தைப் பார்த்ததும் டைம்கீப்பர் தலையில் கைவைத்துக்கொண்டார். எல்லோரும் போட்டோ எடுக்கப் போவதுபோல் உடுத்தியிருந்தார்கள். சென்ட் வாசனை பஸ்ஸுக்குள் முதலில் ஏறி இடம் பிடித்தது.

"என்ன இது, கல்யாணக் கோஷ்டியா?" என்றார் அதிகாரி அம்மாள்.

"இல்லைங்க மேடம், எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போறவங்க," என்று வாயில் வந்ததை உளறினார் டைம்கீப்பர்.

அவ்வளவுதான். மாமியார் "ஐயோ!" என்று ஜன்னல் கம்பியில் சாய்ந்தார். பெரிய மச்சான் இருமத் தொடங்கினான். சின்ன மச்சான் அவனைவிடச் சத்தமாக இருமினான். பதறிப்போன அதிகாரி, "அம்மாவுக்கு என்ன செய்யுது?" என்றார்.

"முட்டிவலி," என்றாள் மச்சினி.

"இருதயம்," என்றான் பெரிய மச்சான், அதே மூச்சில்.

இருதயம் என்று காதில் விழுந்ததும் டிரைவர் பஸ்ஸை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பப் பார்த்தார்.

"நேராப் போய்யா!" என்று கத்தினார் டைம்கீப்பர்.

"உயிருக்குப் போராடுறாங்க, நேராப் போகச் சொல்றீங்களே! மனசாட்சி இருக்கா உங்களுக்கு?" என்றார் அதிகாரி.

"அவங்களுக்குச் சரியாயிடுச்சு மேடம்!"

மாமியார் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து புன்னகைத்தார். அதிகாரியின் புருவம் ஏறியது.

நல்லவேளையாகச் சந்தை முனை வந்தது. அங்கே ஒரு கும்பல் கையை ஆட்டி வண்டியை நிறுத்தி, கூடையும் மூட்டையுமாக ஏறியது. அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. மூன்றாவதில் கால் வைக்க இடமில்லை. டைம்கீப்பருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து மாமியார் குரல் கொடுத்தார்.

"மாப்பிள்ளை! சும்மா உக்காந்து ஒரு சுத்து வந்தாப் போதும்னுதானே சொன்னீங்க? இங்க என் காலை மிதிச்சு கூழாக்கிட்டாங்க!"

பேட்டரி பஸ்ஸில் இரைச்சல் கிடையாது. ஒவ்வொரு சொல்லும் கணீரென்று கேட்டது.

"மாப்பிள்ளையா?" என்றார் அதிகாரி. "வண்டிய நிறுத்துங்க. டைம்கீப்பரோட சொந்தக்காரங்க எல்லாரும் இறங்குங்க."

இருபத்தெட்டு பேரும் இறங்கினார்கள். இரண்டு வருட உழைப்பும் அவர்களோடு வரிசையாக இறங்கிப் போவதைப் படிக்கட்டில் நின்று பார்த்தார் டைம்கீப்பர். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிகாரி மறுபடி எண்ணினார். நம்பாமல் பின்னாலிருந்து இன்னொரு முறை எண்ணினார்.

"நாப்பத்தொண்ணு," என்றார். "இவங்களும் உங்க சொந்தமா?"

"சத்தியமா இல்லைங்க மேடம்! ஒருத்தரையும் எனக்குத் தெரியாது!"

கண்டக்டரின் டிக்கெட் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டார். "முப்பது கேட்டோம், நாப்பத்தொண்ணு இருக்கு. நாளையிலிருந்து தினம் ஓடட்டும்." பஸ்ஸே கைதட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டைம்கீப்பர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அது சரி, ஒன்பது நாளா வராத கூட்டம் இன்னைக்கு எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார் அதிகாரி.

காலிக் கூடையை மடியில் வைத்திருந்த காய்கறிக்காரி சொன்னாள்: "தினமும் இதே ரோட்டுலதாம்மா நடந்து போறோம். வண்டி காலியாவே போச்சா, ஷெட்டுக்குப் போகுதுன்னு விட்டுட்டோம். இன்னைக்குத்தான் உள்ள ஆளுங்க தெரிஞ்சாங்க, கை காட்டினோம்!"