டிக்கிக்குள் ஒரு டொக்

“இடதா, வலதா?” என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரெனால்ட் கத்தினான்.

“ரெண்டும் இல்ல, நடு!” என்று டிக்கிக்குள்ளிருந்து தங்கை ரொஷேல் கத்தினாள். “அண்ணா, மூச்சு முட்டுது. ஒரு ஐஸ்கிரீமுக்கு இது சரிவராது. ரெண்டு வேணும்.”

“வாயை மூடிக்கொண்டு காதைத் திற.”

கொட்டாஞ்சேனையின் அடுத்த பள்ளத்தில் கார் இறங்கியது. டொக்! கூடவே ஒரு கிரீச். இருபத்தாறு வயதுக் கார். ஓட்டுகிறவனைவிட ஒரு வயது மூப்பு. மூத்தது முனகினால் இளையது பொறுத்துப் போகலாம்தான். ஆனால் போன ஞாயிறு, வெள்ளவத்தையிலிருந்து அவன் காதலி யதுஷா போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“உங்கட கார் எங்கட ஒழுங்கை முனையில திரும்பேக்கயே ஊருக்குக் கேக்குது, ரெனால்ட். மேல் வீட்டு அன்ரி கேக்கிறா, ‘அதென்ன பிள்ளை, கிழமைக்கு ரெண்டு தரம் டொக் டொக்கெண்டு வந்து நிக்குது’ எண்டு. அப்பா ஒருக்கால் உங்களைக் கண்டாரெண்டால் எல்லாம் முடிஞ்சுது. ரொறன்ரோவில ஒரு மாப்பிளை ரெடியா நிக்குது. சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு வெள்ளிக்கிழமை வாங்கோ. இல்லாட்டி வராதேங்கோ.”

“எட்டு மாசமாக் காணாதவர் இனியா காணப் போறார்? நான் வாற நேரமெல்லாம் அவர் வீட்டில இல்லையே. எல்லாம் அந்தோனியார் பாத்துக்கொள்றார்.”

“அந்தோனியாரோ? நேர்த்தி வச்சது நான், பிள்ளையாருக்கு! நீங்க வாறதுக்கும் அப்பா குடையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுறதுக்கும் ஒவ்வொரு முறையும் சரியா இருக்குதெண்டால், அது பிள்ளையார்தான்.”

இந்த ஒரு வழக்கில் மட்டும் இருவருக்கும் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே ஜம்பட்டா வீதி மெக்கானிக் ஹஸன் பாஸிடம் காரைக் கொண்டுபோனான். ஹஸன் காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். வயிற்றுவலிக்காரனை டாக்டர் அமுக்குவதுபோல.

“ஷொக் அப்சோபர் தம்பி. ரெண்டும் போயிட்டு.”

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகடையாக ஏறி இறங்கி இரண்டு ஷொக் எடுத்துவந்து பூட்டினார்கள். காரின் பின்பக்கம் வாத்துப்போல் உயர்ந்து நின்றது. தெருவில் இறக்கினால் டொக் அப்படியே இருந்தது. கிரீச் என்று இன்னொன்றும் சேர்ந்திருந்தது.

“பாஸ், வரேக்க ஒரு சத்தம்தானே இருந்தது?”

“முந்தின சத்தம் இதை அமுக்கி வச்சீந்த தம்பி. ஷொக் போட்டதாலதான் கண்டுபிடிச்சோம்” என்றார் ஹஸன், பெருமையோடு.

செவ்வாய்க்கிழமை அம்மா எவ்லின் களத்தில் இறங்கினார். அந்தோனியார் கோயிலிலிருந்து ஒரு போத்தல் தீர்த்தம் கொண்டுவந்து, இடது பின் சில்லுக்கு மேல் முழுவதையும் ஊற்றினார். கிரீச் இரட்டிப்பாகியது.

“அம்மா, கூடியிருக்கு!”

“அது வெளிக்கிடுற சத்தம் மகன். போகேக்க கத்திக்கொண்டுதான் போகும்.”

அது போகவில்லை. ஆகவேதான் புதன்கிழமை, கையில் போன் வெளிச்சத்தோடு, ஸ்பெயார் சில்லைக் கட்டிப்பிடித்தபடி ரொஷேல் டிக்கிக்குள் கிடந்தாள்.

ஆமர் வீதிச் சந்தியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார். ரெனால்ட் லைசென்ஸை நீட்டினான். அவர் அதை வாங்கிப் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டிக்கி பேசியது.

“அண்ணா, ஏன் நிப்பாட்டினனீ? எனக்குக் கால் மரத்துப்போச்சு!”

பொலிஸ்காரர் ஓரடி பின்வாங்கினார். “டிக்கியே கவுத?”

“மகே நங்கி, சேர்.”

உள்ளே கிடப்பது சொந்தத் தங்கைதான் என்று சொன்னதால் நிலைமை கொஞ்சமும் சீராகவில்லை. டிக்கி திறக்கப்பட்டது. ரொஷேல் எழும்பி உட்கார்ந்து, “குட் மோர்னிங், சேர்” என்றாள். தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்து ரெனால்ட் சத்தத்தின் வரலாற்றைச் சொல்லி முடித்தான். கேட்கக் கேட்கப் பொலிஸ்காரரின் முகம் இளகியது. அவருடைய சொந்த வான் வண்டியிலும் இதே சத்தமாம்! தொப்பியைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, “யமு, மல்லி” என்று காரைக் கிளப்பச் சொன்னார். கார் இரண்டு சுற்றுச் சுற்றியது. பொலிஸ்காரர் இல்லாத சந்தியில் பஸ்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு நின்றன.

“ஷொக் நெவெய், மல்லி” என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார். “புஷ் எக.” பழுது ஷொக்கில் இல்லையாம், அதன் ரப்பர் புஷ்ஷில்.

வியாழக்கிழமை புஷ் மாறியது. கிரீச் நின்றது. டொக் மட்டும் இப்போது பள்ளமே இல்லாத இடத்திலும் வந்தது.

வெள்ளி மதியம் ஹஸன் பாஸ் காரின் பின்பக்கத்தையே கழற்றிச் சாக்கில் பரப்பிவைத்தார். அத்தனையையும் திரும்பப் பூட்டிவிட்டு, களைத்துப்போய் டிக்கிக்குள் கையை ஊன்றினார். கைக்குக் கீழே ஸ்பெயார் சில்லு ஆடியது. டொக்.

அதைப் பிடித்திருந்த நட் கழன்று கிடந்தது. சில்லு ஆடும்போதெல்லாம் டிக்கி மேளம்போல் முழங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கையாலேயே இரண்டு திருகு.

“நான் நடு எண்டு அப்பவே சொன்னனான்” என்றாள் பக்கத்தில் நின்ற ரொஷேல்.

“இவ்வளவுதானா, பாஸ்? அப்ப ஷொக், புஷ் எல்லாம்?”

“அதெல்லாம் புதுசாயிட்டு. நல்லந்தானே?”

அன்று பின்னேரம் வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் கார் பூனைபோல் நுழைந்தது. முனைப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் ஒரு முனகல் இல்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று ரெனால்டுக்கே சந்தேகம் வந்தது. மேல் வீட்டு யன்னல் திறக்கவில்லை. வெற்றி! கேற்றைத் தள்ளிக்கொண்டு, சீழ்க்கை அடித்தபடி உள்ளே போனான்.

விறாந்தையில் ஒருவர் சாரத்தோடு, மேற்சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கண்ணாடி, மறுகையில் சின்னப் பிரஷ். மீசையில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. யதுஷாவின் போனில் மட்டும் இதுவரை படமாகப் பார்த்திருந்த அவளுடைய அப்பா சண்முகலிங்கம்.

சீழ்க்கை நடுவிலேயே செத்தது. உள்ளே கதவுக்குப் பின்னால் யதுஷாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

“தம்பி ஆர்?” என்றார் சண்முகலிங்கம். அவருடைய கண் ஏனோ பின்வாசல் பக்கம் ஓடியது.

ரொறன்ரோ மாப்பிள்ளை விமானத்தில் ஏறுவது ரெனால்டின் கண்ணுக்குத் தெரிந்தது.

“நான்… தண்ணி மீட்டர் பாக்க வந்தனான், அங்கிள்.”

சண்முகலிங்கம் அவனைப் பார்த்தார். கேற்றுக்கு வெளியே நின்ற காரைப் பார்த்தார். திரும்பவும் அவனைப் பார்த்தார்.

“மீட்டரோ… ஓம், ஓம், பாரும். அது அந்தப் பக்கம் இருக்கு. நான் இப்ப வெளிக்கிடத்தான் இருந்தனான்” என்று அவசரமாக எழும்பி, பாதி மீசையோடு, ஆணியில் தொங்கிய குடையைத் தடவினார்.

அடுப்படியிலிருந்து சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்த அவருடைய மனைவி சரோஜினிதேவி, குடையை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கதிரையில் போட்டார்.

“மீட்டரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம், இரும் தம்பி! நேரில கண்டால் இந்தச் சம்பந்தத்துக்கு மாட்டனெண்டு சொல்லவேண்டி வருமே எண்டு, எட்டு மாசமா உம்மட காரின்ர சத்தம் முனையில கேட்டவுடன இந்த மனுசன் குடையோட பின்வாசலால ஓடித் திரிஞ்சவர். அந்தச் சத்தத்தைப் போய் ஏன் திருத்தினனீர்?”